பழைய டாடா 1613: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

செங்கல்வண்டி (கரூர்):

அண்ணன்மார்களுக்கு வணக்கம். எங்கள் வண்டி பழைய டாடா 1613, 697 இன்ஜின், இன்லைன் பம்ப் (சிலிண்டருக்கு டீசலை அழுத்தி அனுப்புவது). ஈசியு (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்), சென்சார் என்று எதுவும் கிடையாது. நேற்று சாயங்காலம் லோடு இறக்கிவிட்டுச் சூளையிலேயே நிறுத்தினோம். அதுவரை இழுவையில் ஒரு குறையும் இல்லை. இன்று காலையில் செல்ஃப் அடித்தால் இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை. பேட்டரி புதிது. கொஞ்ச நாளாகவே காலையில் ஹேண்ட் பம்ப் (கையால் அடித்து டீசல் ஏற்றும் சின்ன பம்ப்) அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். இன்று அதற்கும் மசியவில்லை. பார்க்க வந்த மெக்கானிக், பம்பைக் கழற்றி பம்ப் கடைக்கு அனுப்ப வேண்டும் என்கிறார். செலவு பெரிதாக இருக்கும்போல் தெரிகிறது. பம்ப் இப்படி ஒரே ராத்திரியில் போகுமா?

மேட்டூர் டிரைவர்:

முதலில் இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப் கேபிளைப் பாருங்கள். கேபினுக்குள் குமிழைத் தள்ளிவிட்டாலும், கேபிள் துருப்பிடித்திருந்தால் பம்ப் மேலே இருக்கும் லீவர் ஸ்டாப்பிலேயே நின்றுவிடும். கேபினை நம்பாமல் பம்ப் பக்கம் போய்க் கையால் லீவரை ஆட்டிப் பாருங்கள். காசில்லாத வேலை.

வேகம்80:

ஏர் கிளீனர் ஹோஸைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் நனைத்த துணியை வாயில் காட்டிக்கொண்டு செல்ஃப் அடிங்க ப்ரோ. ஒரே அடியில் எடுத்துக்கும்.

பட்டறைக்காரர் (நாமக்கல்):

மேலே சொன்ன பெட்ரோல் துணி வைத்தியத்தைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். டீசல் இன்ஜினின் கம்ப்ரஷனில் பெட்ரோல் ஆவி எந்த நேரத்தில் வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிஸ்டன் ரிங் உடையலாம், கனெக்டிங் ராடு வளையலாம், தீ திரும்பிக் கையைச் சுடலாம். அப்படியே ஒரு முறை ஸ்டார்ட் ஆனாலும் டீசல் ஏன் வரவில்லை என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

தம்பி, ஒரு விஷயம் நீங்கள் எழுதவில்லை. செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் புகை வருகிறதா? வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். அப்போது கம்ப்ரஷன், டைமிங், நாசில் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் முனை), சுற்றும் வேகம் என்று பார்க்க வேண்டியிருக்கும். புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை. இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

புகை இல்லை என்றால், வண்டியை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, இரண்டு நாசில் பைப் நட்டுகளை மட்டும் லூஸ் செய்து செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். கையை அருகில் கொண்டுபோக வேண்டாம், அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைக்கும். துடிப்பாக டீசல் அடித்தால் பம்ப் வேலை செய்கிறது. நுரையாக வந்தாலோ, ஒன்றுமே வராவிட்டாலோ பம்புக்குள் காற்று இருக்கலாம். செல்ஃபை ஒரு மூச்சுக்குப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். நடுவில் ஒரு நிமிஷமாவது ஓய்வு கொடுக்காவிட்டால் மோட்டார் காயில் போய், அது தனிச் செலவாகிவிடும்.

பம்பில் கை வைப்பதற்கு முன்னால் கேன் சோதனை செய்யுங்கள். சுத்தமான கேனில் டீசல் ஊற்றி, ஃபீட் பம்பைவிட (டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் பம்ப்) உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். டேங்கிலிருந்து ஃபீட் பம்புக்கு வரும் ஹோஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேனின் ஹோஸை மாட்டுங்கள். ஹேண்ட் பம்ப் அடித்து, முதல் ஃபில்டரில் காற்றை வெளியேற்றும் ஏர் ஸ்குரூவைத் திறந்து குமிழி நிற்கும்வரை விடுங்கள். டீசல் வழிந்துகொண்டிருக்கும்போதே ஸ்குரூவை மூட வேண்டும். அடுத்து இரண்டாவது ஃபில்டர், பிறகு பம்ப், கடைசியில் நாசில் நட்டு. ஹேண்ட் பம்ப் குமிழைத் திரும்பத் திருகி இறுக்க மறக்காதீர்கள், அங்கேயும் காற்று இழுக்கும். கேனில் ஸ்டார்ட் ஆகி நிற்காமல் ஓடினால் உங்கள் பம்புக்கு ஒரு கேடும் இல்லை.

செங்கல்வண்டி:

நன்றி அண்ணா. ஸ்டாப் லீவர் சரியாக இருக்கிறது. புகை சுத்தமாக இல்லை. நாசில் நட்டில் வெறும் நுரை. டேங்க் ஹோஸ் மாட்டியிருக்கும்போது ஹேண்ட் பம்ப் கொழகொழவென்று போகிறது, கை இறுகவே இல்லை. கேன் மாட்டியதும் இறுகியது, ஏர் எடுத்துவிட்டுச் செல்ஃப் அடித்தால் பிடித்துக்கொண்டது! சூளை ஆட்கள் கைதட்டாத குறை. அரை மணி நேரமாக ஐடிலில் ஓடுகிறது. ஆனால் டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை தடவிப் பார்த்துவிட்டேன், எங்கேயும் ஒரு சொட்டு ஈரம் இல்லையே?

வேகம்80:

க்ளோ பிளக் (ஸ்டார்ட் ஆக உள்ளே சூடேற்றும் பிளக்) போயிருக்கலாமே?

பட்டறைக்காரர் (நாமக்கல்):

இந்த 697-ல் க்ளோ பிளக்கே கிடையாது தம்பி. டீசலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் நேரடி இன்ஜெக்‌ஷன்.

செங்கல்வண்டி தம்பிக்கு: ஈரம் இருக்காது. ஃபீட் பம்புக்கு முன்னால் உள்ள பைப்பில் டீசல் உறிஞ்சப்படுகிறது. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். வண்டி நிற்கும்போது அதே ஓட்டை வழியாகக் காற்று நுழைந்து, பைப்பில் இருக்கும் டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் ஹேண்ட் பம்ப் கேட்டது இதனால்தான். டேங்கில் டீசல் குறைவாக இருக்கும் நாட்களில் தொல்லை கூடியிருக்குமே?

நான் தேடும் இடங்கள்: கிளாம்புக்கு அடியில் ஹோஸ், சேசிஸில் பைப் உரசும் இடம், வாட்டர் செப்பரேட்டரின் (டீசலில் இருக்கும் தண்ணீரைப் பிரிப்பது) ரப்பர் வளையம், பேன்ஜோ போல்ட்டின் (பைப்பை இணைக்கும் துளையுள்ள போல்ட்) காப்பர் வாஷர். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் டீசல் வராது, ஆனால் அது வண்டி ஓடும்போதுதான் நின்று நின்று போகும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் இரண்டு பேர் சேர்ந்து, டேங்க் வாயில் ஹோஸை வைத்துத் துணியால் சுற்றி அடைத்துக்கொண்டு, வாயால் மட்டும் ஊதுங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் டீசல் கசியும். கம்ப்ரஸர் காற்றைக் கொடுத்துவிடாதீர்கள், டேங்க் உப்பிவிடும்.

செங்கல்வண்டி:

கண்டுபிடித்துவிட்டோம். டேங்க் முனையில் கிளாம்புக்கு அடியில் ஹோஸ் வெடித்திருக்கிறது, கழற்றும்வரை தெரியவே இல்லை. செப்பரேட்டர் வளையமும் பப்படமாகக் காய்ந்து கிடக்கிறது. டேங்கில் கால்வாசிகூட இல்லை, நீங்கள் கேட்டது சரிதான். ஊரில் காப்பர் வாஷர் கிடைக்கவில்லை, பழையதையே போடலாமா? கடையில் தண்ணீர் ஹோஸ் தருகிறேன் என்கிறார்கள்.

பட்டறைக்காரர் (நாமக்கல்):

பழைய வாஷரைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் காப்பர் மிருதுவாகிவிடும், அதை இப்போதைக்குப் போடலாம். ஆனால் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், அதன் துணுக்கு பிய்ந்து பம்புக்குப் போகும். தண்ணீர் ஹோஸ் வேண்டவே வேண்டாம். டீசலில் ஊறி உப்பி, உள்பக்கம் உரிந்து வழியை அடைத்துவிடும். இன்று கிடைக்கவில்லை என்றால் கேன் ஹோஸைக் கழற்றாமல் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, நாளை கரூர் டவுனில் டீசல் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.