60ஆ 65ஆ? வன்னி வெயிலுக்கு எந்தத் தென்னை நிக்கும்?

மாங்குளத்தான்:
முல்லைத்தீவு ஒட்டுசுட்டான் பக்கம் ரெண்டு ஏக்கர் துப்பரவாக்கி வச்சிருக்கிறன், இந்த மாரிக்குத் தென்னம்பிள்ளை வைக்க யோசனை. தென்னை ஆராய்ச்சி நிலையத்து இனத்தில சிஆர்ஐசி 60 வைக்கவோ 65 வைக்கவோ? கிணறு இருக்கு, ஆனா ஆவணியில அடி தெரியும்.

விசுவமடுப் பொடியன்:
கண்ணை மூடிக்கொண்டு 65 வையுங்கோ அண்ணை. அது பச்சைக் குட்டையும் நெட்டையும் கலந்தது, நாலாம் வருசம் பாளை தள்ளும். 60 நெட்டையும் நெட்டையும், ஆறு ஏழு வருசம் வாய் பாத்துக்கொண்டு நிக்கோணும், அதுவரைக்கும் கடன்காரன் நிப்பானோ? என்னட்ட நிக்கிற 40 பிள்ளையும் அடி நல்ல தடிப்பு, ஓலையும் நேரத்தோட பிரிஞ்சிட்டுது.

பழங்கிணறு:
தம்பி, உம்மட்ட சொட்டுநீர் இருக்கு எண்டதை ஏன் விழுங்கிப்போட்டீர்? போன மாசம் குழாயை எலி கடிச்சுப்போட்டுது எண்டு இங்கதானே அழுதனீர்.
நான் 2014 மாரியில ஒரே வரிசையில ரெண்டையும் மாறி மாறி வைச்சனான். முதல் ரெண்டு வருசம் 65தான் ராசா, நானே எல்லாருக்கும் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினனான். பிறகு 2016 மாரி ஏமாத்திப்போட்டுது, அடுத்த ஆடியில சோளகக் காத்து அடிக்க அடிக்க மத்தியானம் போய்ப் பாத்தா 65இன்ர அடிமட்டை எல்லாம் தண்டோட ஒட்டித் தொங்குது, பக்கத்தில நெட்டை ஓலை நுனி கருகினதோட நிக்குது. குட்டை வழி வந்தது வெயிலுக்கும் இலைத்துளையை லேசில மூடாது, தண்ணியை வெளியில விட்டுக்கொண்டே இருக்கும், நெட்டை நேரத்தோட மூடிப்போட்டுப் பொறுத்திருக்கும். 11 பிள்ளை செத்தது, அதில 9 உங்கட 65.

விசுவமடுப் பொடியன்:
ஐயா, ஒரு தோட்டத்து 11 பிள்ளையை வச்சு இனத்தையே தள்ளிவைக்கேலாது. 2009இல சண்டை முடிஞ்சு வந்து பாக்க, ஆள் பாக்காமலே நெட்டை தனிய நிண்டது எண்டு எல்லாரும் கதை சொல்லுறியள், அது தப்பினது, செத்ததை ஆர் எண்ணினது? அதோட அது வேர் விட்ட பெரிய மரம், நாங்கள் கதைக்கிறது ரெண்டு வயசுப் பிள்ளையை. நாத்துமேடையிலயே கெதியா முளைச்சு அடி பருத்ததைத்தானே தெரிஞ்செடுக்கச் சொல்லுறவை? அப்ப ஆரம்ப வளர்ச்சி முக்கியமில்லையோ?

பழங்கிணறு:
ஆள் பாக்காத மரக் கதை நியாயம்தான், அதை விடுறன். ஆனா நாத்துமேடையில தெரியிறது ஒரே இனத்துக்குள்ள எது திறம் எண்டது மட்டும், அங்க ஒவ்வொரு நாளும் தண்ணி. வெயிலுக்கு நிக்குமோ எண்டு அங்க ஆர் பாக்கிறது?

குருத்தோலை:
ரெண்டு பேரும் மரத்தில ஏறி நிண்டு சண்டை, கிடங்கை ஆரும் பாக்கேல்ல. மூண்டடிக் கிடங்கு வெட்டி, அடியில பொச்சுமட்டை, அதுதான் தேங்காய் உரிச்ச மட்டை, ரெண்டு அடுக்கு குழிப்பக்கம் மேல பாக்க வச்சு, மேல்மண்ணும் எருவும் போட்டு வையுங்கோ. பொச்சு மாரித் தண்ணியைக் குடிச்சு வச்சிருக்கும். வச்ச பிறகு அடியைச் சுத்திச் சருகு மூடாட்டி எந்த இனமும் ஒண்டுதான்.
இன்னொண்டு, வறட்சி அடிச்ச வருசமே கணக்குப் பாக்காதைங்கோ. பாளை விரிஞ்சு தேங்காய் முத்த ஒரு வருசம் எடுக்கும், குரும்பட்டிப் பிஞ்சு இண்டைக்குக் கொட்டினா இழப்பு அடுத்த வருசம்தான் தெரியும். 2016இல நாடு முழுக்க 300 கோடித் தேங்காய், 2017இல 245 கோடிக்குக் கிட்ட இறங்கினது அப்பிடித்தான்.

மாங்குளத்தான்:
அப்ப கிணத்தடியில ஒரு 20 பிள்ளை 65, மிச்சம் 60 எண்டு வைப்பம். 26 அடிக்கு ஒண்டெண்டா ஏக்கருக்கு 64 வரும். பொச்சுக்கு ஆரிட்டக் கேக்கிறது?

பழங்கிணறு:
பொச்சு கிடைக்கும். ஒட்டுசுட்டான் எண்டீர், யானைக்கு வேலி போட்டாச்சோ? அதுக்கு 60உம் ஒண்டுதான் 65உம் ஒண்டுதான், குருத்தைப் புடுங்கித் திண்டிட்டுப் போகும்.

மாங்குளத்தான்:
ஐயோ, அதை மறந்தே போனன்.