மறு: 'ஒரிஜினல் பாடி' – தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

> 'அசல் உடல்' என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது. இதற்கு ஏன் இத்தனை மடல்?

முடியவில்லையே ஐயா. அசல் என்றால் போலி இல்லாதது என்றும் பொருள், முதலில் இருந்தது என்றும் பொருள். வட்டிக்கு விடுபவரைக் கேட்டால் மூன்றாவது பொருளும் சொல்வார். இழையைத் தொடங்கிய அம்மா மொழிபெயர்ப்பது அமெரிக்காவில் இருக்கும் ஒரு பழைய ஃபோர்டு மாடல் டிடி லாரியைப் பற்றிய குறிப்பு. அதில் 'பாடி' என்பது லாரியின் அடிச்சட்டத்தின் மேல் கட்டிய பகுதி. அந்த வண்டிக்கு இந்த இரண்டு பொருளும் ஒன்றாகப் பொருந்துவதில்லை, சிக்கலே அங்கேதான்.

டிடி 1917இல் வந்தது. ஒரு டன் ஏற்றும் வண்டி. முதல் சில ஆண்டுகள் ஃபோர்டு விற்றது வெறும் சேசிஸைத்தான், அதாவது இன்ஜினும் சக்கரங்களும் பூட்டிய அடிச்சட்டத்தை. வாங்கியவர் ஊரிலிருந்த கூண்டு கட்டுபவரிடமோ தச்சரிடமோ கொண்டுபோய் மரத்தில் பாடி கட்டிக்கொண்டார். 1924இல்தான் ஃபோர்டே பாடியோடு விற்கத் தொடங்கியது. சேசிஸ் வாங்கி திருச்செங்கோட்டில் விட்டுப் பாடி கட்டும் நம் லாரிக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். 'கம்பெனி பாடி', 'வெளியே கட்டின பாடி' என்று அவரே பிரித்துவிடுவார். 1920இல் வாங்கிய டிடியில் தச்சர் கட்டியதுதான் முதல் பாடி. கம்பெனி கட்டவில்லை என்பதால் அது போலி ஆகிவிடாது. அதே 1920இல் கட்டிய பாடியை வேறொரு சேசிஸிலிருந்து கழற்றி இதில் மாட்டியிருந்தால்? மரம் பழையது, வேலை பழையது, ஆனால் இந்த வண்டியினது அல்ல. இதற்குத்தான் நம்மிடம் சொல் இல்லை.

> இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்று தெரிந்தால் சொல் தானாக வரும்.

ரொம்பச் சரி. அம்மா அனுப்பிய மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அடிச்சட்டத்தின் மேல் நீளவாக்கில் இரண்டு ஓக் கட்டைகள் கிடக்கின்றன. இடப்பக்கக் கட்டையில் போல்ட் போகும் துளை ஒன்று. அதற்கு இரண்டு விரல் தள்ளி, போல்ட் இல்லாத இன்னொரு துளை. அந்தக் காலித் துளையைச் சுற்றி மை கொட்டியதுபோல் கறுப்பு வளையம். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும் என்பது கலம்காரிக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். ஓக்கிலும் அதே துவர்ப்புச் சத்து உண்டு, ஈர இரும்பு பட்டால் கறுக்கும். மேலோட்டமான கறுப்பு ஒரே மழைக்காலத்தில் வந்துவிடும், அதை நம்பக் கூடாது. இங்கே துளையின் உட்சுவர் வரை ஊறியிருக்கிறது. அதாவது அந்தக் காலித் துளையில் நெடுநாள் ஒரு போல்ட் இருந்திருக்கிறது. அதற்கு நேர்கீழே சேசிஸில் துளையே இல்லை! இப்போது போல்ட் போகும் துளையிலோ மரம் வெளுப்பாக இருக்கிறது. கட்டை வேறொரு வண்டியில் உட்கார்ந்திருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

மற்றவை துணைச் சான்றுகள்தான். ஸ்டார் ஸ்குரூ (தலையில் கூட்டல்குறிபோல் பள்ளம் உள்ள திருகு) கண்ணில் பட்டால், 1930களின் நடுவில்தான் அது கார்களுக்கு வந்தது என்பதால், அந்த இடம் பிறகு பழுதுபார்த்தது. இன்ஜின் எண்ணை வைத்து ஆண்டு கண்டுபிடிக்கலாம், ஆனால் அது இன்ஜினின் வயது. பாடியைப் பற்றி வாய் திறக்காது. பெயின்ட் அடுக்குகளைச் சுரண்டிப் பார்க்க வண்டிக்காரர் விடுவாரா என்று தெரியாது, கேட்டுப் பாருங்கள்.

இனி சொல். 'கட்டுடல்' வேண்டாம், ஜிம் விளம்பரம் ஆகிவிடும். 'கட்டு' நல்ல வேர்தான், பாடி கட்டுகிறோம் என்றுதானே சொல்கிறோம். ஆனால் எதை முன்னால் சேர்த்தாலும் இடிக்கிறது. முதற்கட்டு என்றால் செட்டிநாட்டு வீடு, தலைக்கட்டு என்றால் கோயில் வரி, பிறவிக்கட்டு என்றால் சைவ சித்தாந்த வகுப்பு. சேசிஸோடு வந்தது என்று 'உடன்கட்டு' சொல்லிப் பார்த்தேன், வீட்டில் சிரித்துவிட்டார்கள்: "எப்போது ஏறப்போகிறது?"

என் பரிந்துரை 'கூடு'. உடலுக்கு நம்மிடம் இருக்கிற சொல்தான். கூடு விட்டுக் கூடு பாய்வது உயிர். இங்கே பாய்வது சேசிஸ்.

முதற்கூடு: இந்த சேசிஸில் முதலில் ஏறியது, யார் கட்டியிருந்தாலும் சரி.
வந்தகூடு: அதே காலத்தது, வேறு வண்டியிலிருந்து வந்தது.
புதுக்கூடு: பிற்காலத்தில் பழைய மாதிரியில் செய்தது.

> பலகை பாதி மாற்றியிருந்தால் முதற்கூடு என்னும் பெயர் போய்விடுமா?

தேரில் பழுதான மரத்தை மாற்றிக்கொண்டே வருகிறார்கள், அது வேறு தேர் ஆகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. அடியிலிருக்கும் இரண்டு நீளக்கட்டைகளும் அதே துளைகளில் இருக்கும்வரை முதற்கூடு என்றே எழுதலாம், 'பலகை மாற்றியது' என்று பக்கத்தில் குறித்துவிட்டு.

> திறந்த பாடியைக் கூடு எனலாமா? மேலே மூடியே இல்லையே.

எலும்புக்கூட்டுக்கு மட்டும் மூடி இருக்கிறதா?

அம்மா, உங்கள் குறிப்பில் இப்போதைக்கு 'வந்தகூடு' என்று போடுங்கள். வலப்பக்கக் கட்டையின் படத்தையும் அனுப்புங்கள். அங்கே துளைகள் நேராக இருந்தால் நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன்.