மதுரையிலிருந்து பறக்கிறவரின் முன்பதிவு விவரம் சுங்கத்துக்கு எவ்வளவு போகலாம்?

வைகைக்கரை: 2022 ஆகஸ்டில் வந்த பயணிகள் முன்பதிவு விவர விதிகளைப் பற்றித்தான் கேட்கிறேன். மதுரையிலிருந்து கொழும்புக்கோ துபாய்க்கோ போகிற ஒவ்வொருவரின் விவரமும் விமானம் கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன்பே சுங்கத்துறைக்குப் போயாகணும். பணம் கட்டிய விதம், போன் நம்பர், சீட், பெட்டி என 19 வகை. 5 வருஷம் வைத்திருக்கலாம். வெளிநாட்டு அமைப்புகளுக்கும் கொடுக்கலாம். தப்பே செய்யாதவர் விவரம் அங்கே எதற்கு?

சிம்மக்கல்: தெரிந்த குற்றவாளியைப் பிடிக்க பாஸ்போர்ட் விவரம் போதும். பெயரே தெரியாதவரை எப்படிப் பிடிப்பது? 26/11 மும்பைத் தாக்குதலுக்கு முன்னோட்டம் பார்த்துக் கொடுத்த ஹெட்லி விஷயத்தில் அமெரிக்க அதிகாரிகளிடம் இருந்தது ‘டேவிட்’ என்ற பெயரும் தோராயமான பயண நாளும்தான். முன்பதிவுகளைச் சலித்துத்தான் ஆளை அடையாளம் கண்டார்கள். 2009 அக்டோபரில் சிகாகோவில் கைதானார். இந்த வசதி எல்லா நாட்டிலும் இருக்கணும் என்று 2017-லேயே ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2396-ஆம் தீர்மானம் சொல்லிவிட்டது.

டிக்கெட்_கவுண்டர்: அண்ணே, அந்த விவரம் எப்படி உருவாகுதுன்னு பாருங்க. 40 பேர் உம்ரா போறாங்க. ஏஜென்ட் தன் ஆபீஸ் நம்பரையே நாற்பது பேருக்கும் போடுவார். நேரம் மாறினால் மெசேஜ் அவருக்கு வரணுமே. பணமும் ஒரே கணக்கிலிருந்து போகும். கம்ப்யூட்டர் கண்ணுக்கு நாற்பது பேரும் ஒரே கூட்டாளிகள். அதில் ஒருவர் மேல் சந்தேகம் வந்தால் 39 பேரும் சேர்ந்து மாட்டுவாங்க. பெயர் இன்னும் மோசம். நம்ம ஊரில் குடும்பப் பெயர் கிடையாது. ஒரு டிக்கெட்டில் அப்பா பெயர் பின்னால் நிற்கும், இன்னொன்றில் சொந்தப் பெயரே இரண்டு தடவை வரும். முத்துக்குமாருக்கு ‘டி’க்கு அப்புறம் ‘ஹெச்’ உண்டா இல்லையா என்பது அன்றைக்கு யார் அடித்தாரோ அவர் கையில். பாஸ்போர்ட்டோடு ஒப்பிடாத விவரம் இது.

வைகைக்கரை: இதைத்தான் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் அங்குள்ள இதே மாதிரி விதி பற்றிய 2022 ஜூன் 21 தீர்ப்பில் கவனித்தது. 2018, 2019-ல் கணினி சுட்டிக்காட்டியவர்களில் ஆறுக்கு ஐந்து பேராவது தவறாகச் சுட்டப்பட்டவர்கள் என்று அதிகாரி ஒருவர் சரிபார்த்ததும் தெரிந்தது. சந்தேகமே இல்லாதவர் விவரத்தை 6 மாதத்துக்கு மேல் வைக்காதே என்றது. சாப்பாட்டு விஷயம் இன்னொன்று. மதத்தையும் உடல்நிலையையும் காட்டும் விவரத்தைக் கையாளக் கூடாது என்று நம் விதியே தடுக்கிறது. ஆனால் ‘பொதுக் குறிப்புகள்’ என்ற வகையில் முஸ்லிம் சாப்பாட்டுக் குறியீடும் வீல்சேர் குறியீடும் சேர்ந்தே போகின்றன.

சிம்மக்கல்: சாப்பாட்டில் நான் உங்கள் பக்கம். அந்தக் குறியீடுகளை விமான நிறுவனத்தின் கணினியிலேயே வடிகட்டணும். வாங்கின பிறகு அழிப்போம் என்பது போதாது. ஆனால் 6 மாதம் சரிப்படாது. ஹெட்லி 26/11-க்கு முன் 2006 முதல் 2008 வரை ஐந்து முறை மும்பை வந்தார். ஆறாம் மாதமே அழித்திருந்தால் அந்த வரிசையே தெரியாது.

வைகைக்கரை: அழிக்கச் சொல்லவில்லை, மறைக்கச் சொல்கிறேன். 6 மாதம் முடிந்ததும் பெயர், போன், பணம் கட்டிய விவரத்தை மூடணும். திறக்கணும்னா எந்த வழக்கு என்று எழுதி, நீதிபதி கையெழுத்து வாங்கணும். இப்போது 5 வருஷம் கழித்துத்தான் அடையாளத்தை நீக்குகிறார்கள்.

டிக்கெட்_கவுண்டர்: நீதிபதிக்குப் போகிற தாளில் அந்த போன் நம்பர் பயணியுடையதா, ஏஜென்டுடையதா என்பதும் இருக்கணும் அண்ணே. ஏஜென்சி பெயர் 19-ல் ஒன்றாக ஏற்கெனவே போகுது. ஒப்பிட்டால் தெரிஞ்சிடும்.