பழைய அடுக்ககத்தில் கடப்பா கல் தட்டுகளை எடுத்துவிட்டுத் துணி அலமாரி அமைப்பது குறித்து ஆலோசனை வேண்டும்

கேள்வி: நங்கநல்லூர் வாசகி

வணக்கம். சென்னை நங்கநல்லூரில், 1990களின் இறுதியில் கட்டப்பட்ட அடுக்ககத்தின் முதல் தளத்தில் குடியிருக்கிறோம். படுக்கையறையின் ஒரு சுவரில், அந்தக் காலத்து வழக்கப்படி, 15 அங்குல ஆழத்தில் கடப்பா கல் தட்டுகள் பதித்த திறந்த அலமாரி ஒன்று இருக்கிறது. அதன் அகலம் 6 அடி, உயரம் 7 அடி; அதற்கு மேல் கான்கிரீட் பரண். சுவருக்குப் பின்புறம் குளியலறை. அடித்தட்டின் இடது மூலையில் மழைக்காலந்தோறும் ஓதம் ஏறிச் சுண்ணாம்பு உதிர்கிறது.

கற்களை எடுத்துவிட்டு, அம்மாவின் பட்டுப் புடவைகள், கணவரின் சட்டைகள், மகளின் நீளமான உடைகள் ஆகிய மூன்றுக்கும் இடம் தரும் முழு அலமாரி ஒன்றைச் செய்ய விரும்புகிறோம். எங்கள் பகுதித் தச்சர் பொருளும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு 1,450 ரூபாய் கேட்கிறார்; பாகங்களைத் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்தும் மாடுலர் நிறுவனம் ஒன்று 1,900 ரூபாய் கேட்கிறது. இரண்டு விலைகளையும் எந்த அடிப்படையில் ஒப்பிடுவது? கற்களை எடுப்பது சரியா, அல்லது அவற்றுக்குக் கதவு மட்டும் போட்டால் போதுமா?

மறுமொழி: கட்டட உள்ளமைப்புப் பணியில் இருப்பவர்

அம்மா, விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தச் சுவரைப் பற்றிப் பேச வேண்டும். ஓதம் ஏறும் சுவரின் மீது எவ்வளவு உயர்ந்த பிளைவுட்டை நிறுத்தினாலும், பின்பலகை பூசணம் பூத்து, பட்டின் மீது அந்த வாடை ஏறிவிடும். ஈரக் காற்றில் சரிகையும் கறுக்கும். ஒரு சதுர அடி பாலித்தீன் தாளை நான்கு ஓரங்களிலும் ஒட்டுநாடாவால் சுவரோடு இறுக ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். சுவரை ஒட்டிய பக்கத்தில் நீர் பூத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது என்று பொருள். அறையை நோக்கிய பக்கத்தில் பூத்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். முதல் வகை என்றால், குளியலறைத் தரை, சுவர் இணைப்புகளையும் குழாய்களையும் பழுது பார்த்து, சுவர் நன்றாக உலரும் வரை மரவேலையைத் தொடங்கவே கூடாது. மழைக்காலம் முடிந்த பின் ஒருமுறை சோதித்துவிட்டு, தை, மாசியில் வேலையை வைத்துக்கொள்வது நல்லது.

கற்களை எடுப்பதா என்பது ஆழத்தைப் பொறுத்தது. சாதாரணத் துணி மாட்டி 17 அல்லது 18 அங்குல அகலம் உடையது. ஆகவே உடைகளைக் குறுக்குவாட்டில் தொங்கவிட உட்புறம் 22 அங்குல ஆழமாவது தேவை. மடித்து வைக்கும் துணிகளுக்கோ 15 அங்குலம் தாராளம். அதைவிட ஆழமான தட்டில் பின்வரிசைத் துணிகள் கண்ணில் படாமலே கிடக்கும். சுவர் உலர்ந்ததாக இருந்திருந்தால், கற்களை விட்டுவிட்டுச் சட்டமும் கதவும் மட்டும் போடும்படி உங்களுக்குத் தயங்காமல் சொல்லியிருப்பேன். கரையானும் நீரும் தீண்டாத அந்தக் கல்லுக்கு ஈடாக எந்தப் பலகையையும் என்னால் சொல்ல முடியாது. ஆனால் உங்களுக்குச் சுவரைச் சரிசெய்யும் வேலை எப்படியும் இருக்கிறது, நீண்ட உடைகளைத் தொங்கவிடும் தேவையும் இருக்கிறது. அதனால் எடுப்பதே சரி என்று நினைக்கிறேன்.

எடுக்கும்போது சம்மட்டியால் அடிக்க விடாதீர்கள். இத்தகைய அலமாரிகளின் பின்சுவர் பெரும்பாலும் நாலரை அங்குலச் சுவர்தான். அதிர்வில் மறுபக்கத்துக் குளியலறை ஓடுகள் விரிசல் விட்டுப் புதிய ஓதத்துக்கு வழி திறக்கும். வெட்டும் இயந்திரத்தால் கல்லைச் சுவரோரமாக அறுத்தெடுத்து, மிஞ்சும் பள்ளங்களைச் சிமெண்டுக் கலவையால் முழுமையாக அடைக்கச் சொல்லுங்கள். அந்த வேளையிலேயே தரையும் சுவரும் சேரும் கோட்டில் துளையிட்டுக் கரையான் மருந்து செலுத்திவிடலாம். கட்டி முடித்த கட்டடங்களுக்கான இந்த முறையை இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 6313இன் மூன்றாம் பகுதி விவரிக்கிறது. கான்கிரீட் பரணை மட்டும் யாரும் தொடக் கூடாது.

அடுத்து, உள்ளே வைக்கப்போகும் துணிகளை எண்ணி அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சட்டைக்கு 40 அங்குல உயரம் போதும். அதன் கீழே இரண்டு இழுப்பறைகள் வரும். மகளின் உடைகளுக்கு 54 முதல் 60 அங்குலம் வரை வேண்டியிருக்கும். பட்டுப் புடவை அடுக்குகள் கனமானவை என்பதால் அவற்றின் தட்டு இரண்டரை அடி நீளத்தைத் தாண்டாமல் இருக்கட்டும். தாண்டினால் 18 மில்லிமீட்டர் பலகையும் நாளடைவில் நடுவில் தொய்யும். புடவைகளுக்கான பகுதியை ஓதம் கண்ட இடது மூலையிலிருந்து விலக்கி, வலக்கோடியில் வையுங்கள். இந்த வரைபடம் கையில் இல்லாமல் யாரிடமும் விலை கேட்பதில் பயனில்லை.

மறுமொழி: மரவேலை ஒப்பந்தக்காரர், தாம்பரம்

மேலே சொன்ன கடைசி வரியை நான் அழுத்திச் சொல்கிறேன். சதுர அடி விலை என்பது முகப்பின் அகலத்தையும் உயரத்தையும் பெருக்கி வருவது. உங்களுக்கு அது 42 சதுர அடி. ஆனால் 24 அங்குல ஆழத்தில் பக்கப் பலகை, நடுப் பலகை, மேல், கீழ், கதவு, மூன்று பகுதிகளிலும் ஐந்தைந்து தட்டுகள் என்று கூட்டினால் ஏறக்குறைய 180 சதுர அடிப் பலகை செலவாகும். 8க்கு 4 அடிப் பிளைவுட் தாளில் அது ஏறக்குறைய ஆறு தாள். தட்டுகளைப் பாதியாகக் குறைத்துவிட்டால் ஒரு தாள் மிஞ்சும். முகப்பு அளவோ அப்படியேதான் இருக்கும். ஆகவே இருவரிடமும் ஒரே வரைபடத்தைக் கொடுத்து, எத்தனை தாள், எந்தத் தரம், எத்தனை இழுப்பறை, எந்த நிறுவனத்துக் கீல் என்று எழுதி வாங்கினால்தான் 1,450ஐயும் 1,900ஐயும் ஒப்பிட முடியும்.

குளியலறைச் சுவர் என்பதால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டையே கேளுங்கள். ஐ.எஸ். 303இன் எம்.ஆர். தரம், அதாவது ஓரளவு ஈரம் மட்டும் தாங்கும் தரம், உலர்ந்த சுவருக்குப் போதும், இங்கே போதாது. தாளின் மீது ஐ.எஸ்.ஐ. குறியோடு சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதை இட்டு, உரிமம் நடப்பில் உள்ளதா என்று நீங்களே பார்க்கலாம். வெட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

ஆழத்தை 24 அங்குலத்துக்கு மேல் கேட்காதீர்கள். நான்கடி அகலத் தாளை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்தால், அறுப்பில் போகும் மரம் நீங்கலாக, 24 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இரண்டு துண்டுகள் கிடைக்கும்; 25 என்று கேட்டால் ஒவ்வொரு தாளிலும் ஏறக்குறைய பாதி வீணாகும். கதவுக்கு வெளிப்புறம் 1 மில்லிமீட்டர் மைக்கா ஒட்டினால் உட்புறமும் மைக்கா ஒட்டியே ஆக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய ஏழடிக் கதவு வளைந்துவிடும், பிறகு எந்தக் கீலாலும் அதை நேராக்க முடியாது. அடியில் 4 அங்குலப் பீடம் வைத்து, அதை மரத்தில் செய்யாமல் டபிள்யூ.பி.சி. என்னும் மரத்தூள்–பிளாஸ்டிக் கலவைப் பலகையில் செய்தால் தரை துடைக்கும் நீர் ஏறாது. பின்பலகைக்கும் சுவருக்கும் இடையே ஓர் அங்குலம் காற்றுக்கு விடச் சொல்லுங்கள்.

தச்சரா மாடுலரா என்றால், தொழிற்சாலையில் ஓரப்பட்டை ஒட்டும் நேர்த்தி வீட்டில் கையால் ஒட்டும்போது வராது என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் அலமாரி இரண்டு பக்கச் சுவர்களுக்கு இடையே அமர வேண்டியது. பழைய சுவர்கள் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்பதில்லை. மேலே 72 அங்குலம் இருக்கும் இடைவெளி கீழே 71 ஆக இருக்கலாம். அதை இடத்திலேயே இழைத்துப் பொருத்துபவர் தச்சர்தான். மாடுலர் என்று முடிவு செய்தால், கற்களை எடுத்துச் சுவர் பூசிய பிறகே இறுதி அளவு எடுக்க வரச் சொல்லுங்கள்.

நங்கநல்லூர் வாசகி

இருவருக்கும் மிக்க நன்றி. பாலித்தீன் சோதனையை இன்றே தொடங்குகிறேன். இடம் குறைவு என்பதால் தள்ளுகதவு நல்லது என்று மாடுலர் நிறுவனத்தார் சொல்கிறார்கள். அறையின் 10 அடியில் 6 அடி அகலக் கட்டில் எதிர்ச்சுவரை ஒட்டிக் கிடக்கிறது. முன்பணம் எவ்வளவு தரலாம் என்பதையும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: மடிப்பாக்கம் வாசகர்

முன்பணம் குறித்து என் அனுபவத்தில் சொல்கிறேன். மொத்தத்தையும் நான்கு தவணையாகப் பிரித்தோம்: ஒப்புக்கொண்டபோது ஒரு சிறு தொகை, முத்திரையிட்ட தாள்கள் வீட்டுக்கு வந்தவுடன் பெரிய பங்கு, கூடு நின்றவுடன் அடுத்தது, கதவுகள் பொருத்தி ஒரு மாதம் புழங்கிய பின் கடைசி 10 சதவீதம். கீல்கள் அந்த ஒரு மாதத்தில்தான் இறங்கும்; அவற்றை மீண்டும் முடுக்கி நிமிர்த்த ஆள் வருவது அந்தக் கடைசித் தொகை கையில் இருந்தால்தான் உறுதி. மிஞ்சும் பலகைத் துண்டுகள் யாருக்கு, குப்பையை யார் அகற்றுவது, ஒலி எழுப்பும் வேலைக்குக் குடியிருப்போர் சங்கம் எந்த நேரத்தை அனுமதிக்கிறது என்பதையும் ஒப்பந்தத் தாளில் எழுதிவிடுங்கள்.

மறுமொழி: மரவேலை ஒப்பந்தக்காரர், தாம்பரம்

தள்ளுகதவு உங்களுக்குத் தேவையில்லை, அம்மா. பக்கச் சுவர்களின் முகப்பிலிருந்து 120 அங்குலம் என்று கொண்டால், அலமாரி 9 அங்குலம் வெளியே நீளும், கட்டில் 72 அங்குலம் எடுக்கும்; 39 அங்குலம் மிஞ்சும். ஆறடியை நான்கு கதவுகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 18 அங்குலம்தான், ஆள் நின்று திறக்க இடம் தாராளமாக இருக்கிறது. தள்ளுகதவின் தண்டவாளங்கள் ஆழத்தில் 3 அல்லது 4 அங்குலத்தை எடுத்துக்கொள்ளும். அப்போது துணிமாட்டிக்குத் தேவையான 22 அங்குலம் கிடைக்காது, ஒரு நேரத்தில் பாதி அலமாரிதான் திறக்கும். ஏழடி உயரக் கதவுக்கு நான்கு கீல்களுக்குக் குறையாமல் போடச் சொல்லுங்கள். பரணுக்கும் கதவு போடுவதானால், மின்விசிறி இறக்கையிலிருந்து அலமாரி முகப்பு வரை எவ்வளவு இடைவெளி என்று அளந்து எழுதுங்கள். பரண் கதவின் அகலத்தை அதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.