லெதர் கோரல் சுருங்கிப்போச்சு, நத்தையும் சாகுது, மீன் மட்டும் நல்லாருக்கு. உதவுங்க

பெருந்துறை ரீஃப்:
வணக்கமுங்க. 200 லிட்டர் கடல்தண்ணி டேங்க், ரெண்டு க்ளவுன் மீன், ஒரு டோட்ஸ்டூல் லெதர் (காளானாட்டம் இருக்கற மெது கோரல்), கொஞ்சம் சோவா (பட்டனாட்டம் சின்னக் கோரல்). லெதர் நல்லா விரிஞ்சு ஆடிட்டு இருந்ததுங்க, இப்ப ஒரு வாரத்துக்கு மேல தலை மேல குட்டிப் பூவாட்டம் விரியற பாலிப் ஒண்ணு கூட வெளிய வரல, தலை வாடுன காளானாட்டம் மடங்கிக் கெடக்குது, தண்டுக்கு அடில பழுப்பா ஒரு புண்ணு வேற. உப்பு அடர்த்தி 1.025, சூடு 26, கேஹெச் (கார்பனேட் காரத்தன்மை) 8, நைட்ரேட் 10. எல்லாம் சரியாத்தான காட்டுது?

கோவை உப்புத்தண்ணி:
பயப்படாதீங்க, லெதர் அப்பப்ப தோல் உரிக்கும். மெழுகு பூசுன மாதிரி ஒரு படலம் வந்து பத்து நாள் கூட மூடிட்டு இருக்கும். தண்ணி ஓட்டத்த சித்த ஏத்தி விடுங்க, படலம் கழண்டு போயிரும்.

பெருந்துறை ரீஃப்:
படலம் ஒண்ணும் இல்லீங்ணா. புண்ணுகிட்ட தொட்டா கொழகொழன்னு வருது, கெட்ட வாசம். இன்னொண்ணு, நத்தையெல்லாம் கண்ணாடில ஏறாம மணல்ல மல்லாந்து கெடக்குது, பாதி செத்துருச்சு. க்ளவுன் மட்டும் எப்பவும் போல தீனிக்கு முட்டுது.

திருப்பூர் டேங்க்:
நத்தை சாகுது, கோரல் மூடுது, மீன் ஜம்முனு இருக்குதுன்னா எனக்கு செம்பு மேலதான் சந்தேகம். மீன் தாங்கற அளவு செம்ப நத்தையும் கோரலும் தாங்காது. தண்ணி எங்கீங்க புடிக்கறீங்க? சமீபத்துல ஏதாச்சும் மாத்துனீங்களா?

பெருந்துறை ரீஃப்:
எங்க போர் தண்ணி சப்பைங்க, அதனால வீட்டு ஆர்ஓ தண்ணிதான். பழசு ரிப்பேராகி போன மாசம் புதுசு போட்டாங்க. அட ஆமாங்ணா, இதுல செம்பு கேட்ரிட்ஜ் இருக்குது, அம்மா உடம்புக்கு நல்லதுன்னு கேட்டு வாங்குனது. டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்கறது மொத்தம்) 60 வருது.

திருப்பூர் டேங்க்:
அதேதானுங்க. குடிக்கறதுக்கு ருசி வேணும்னு சுத்தமான தண்ணில திரும்ப மினரலும் செம்பும் கலந்து உடறானுங்க. நமக்கு பூஜ்யம் வரணும், 60 எச்சு. டிடிஎஸ் மீட்டர் மொத்த அளவத்தான் காட்டும், உள்ள செம்பு இருக்குதா கால்சியம் இருக்குதான்னு அதுக்குத் தெரியாது. ஆவியாகிக் கொறஞ்சதுக்கு ஈடா ஊத்த ஊத்த தண்ணிதான் ஆவியாகும், செம்பு உள்ளயே சேரும்.

இன்னிக்கே அந்தத் தண்ணிய நிறுத்துங்க. ஆர்ஓ மெம்பரேனுக்கு அப்புறம், செம்பு கேட்ரிட்ஜுக்குப் போகாம, நேரா டிஐ ரெசின் (மிச்சம் கரைஞ்சிருக்கறதையும் புடிக்கற வடிகட்டி) வெச்சு எடுத்த தண்ணில உப்பு கலக்கி கால்வாசி மாத்துங்க, ரெண்டு நாள் விட்டு இன்னொருக்கா. கூடவே ஆக்டிவேட்டட் கார்பன், செம்ப உறிஞ்சுனா நீலமாகற பாலி ஃபில்டர் பேடு. பேடு நீலமா மாறுச்சுன்னா செம்புதான்.

புண்ண அப்படியே விட்டா மேல ஏறிரும். புது பிளேடு எடுத்து, கெட்டதுக்கு மேல நல்ல சதை தெரியற எடத்துல தண்ட நேரா வெட்டுங்க. டேங்க் தண்ணிய மக்குல எடுத்து, கோரல் முக்கறதுக்குன்னு விக்கற அயோடின் மருந்த பாட்டில்ல போட்டிருக்கற அளவுக்கு கலந்து முக்கி எடுங்க. க்ளூ ஒட்டாது, சளி வந்து கழண்டுரும். சின்னக் கல்லுல வெச்சு வலைத்துணி சுத்தி ரப்பர் பேண்டு லூசா போட்டா தானா புடிச்சுக்கும்.

கோவை உப்புத்தண்ணி:
நத்தைய கவனிக்காம சொல்லிட்டனுங்க, இவரு சொல்றதுதான் சரி. வெட்டற வேலைய டேங்குக்கு வெளிய பண்ணுங்க, லெதர் விடற விஷம் மத்த கோரலுக்கு ஆகாது. சோவாலயும் விஷம் இருக்கறதால கையுறை கட்டாயம், கண்ணுல தெறிக்காமப் பாருங்க.

பொள்ளாச்சி மீன்:
எதுக்குங்க இத்தன பாடு, ராமேஸ்வரம் பக்கம் ஆள் புடிச்சா நல்ல கல் கோரலே வருமே?

திருப்பூர் டேங்க்:
வரும், பின்னாடியே கேசும் வரும். கல் கோரல் பூராவும் 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணைல இருக்குது, புலி இருக்கற அதே அட்டவணை. இழைய திசை திருப்பாதீங்க.

பெருந்துறை ரீஃப்:
பேடு நீலமாயிருச்சுங்ணா! தலைய வெட்டி கட்டிட்டேன், வாசம் இல்ல, ஓரத்துல நாலஞ்சு பாலிப் எட்டிப் பாக்குது. புது நத்தை எப்ப விடலாம்?

திருப்பூர் டேங்க்:
பாறை உறிஞ்சுன செம்பு மெதுவாத்தான் வெளிய வரும். பேடு மாத்திட்டே வாங்க, புதுசு நீலமாகாம நின்னதுக்கு அப்புறம் ஒரே ஒரு நத்தைய விட்டுப் பாருங்க. அது கண்ணாடில ஏறி மேஞ்சா மிச்சத்த வாங்கிக்கலாம்.