சூலூர்பேட்டை வரைக்கும் போயிருக்கீங்களா?

சென்னை சென்ட்ரல் பக்கத்துல இருக்கிற மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் ஸ்டேஷன்ல லோக்கல் ரயில் ஏறினா கும்மிடிப்பூண்டி வரைக்கும் உட்கார இடம் கிடைக்கிறதே கஷ்டம். அங்க வண்டி பாதிக்கு மேல காலியாயிடும். அப்புறம் எளாவூர், ஆரம்பாக்கம். அதோட தமிழ்நாடு முடிஞ்சிடும். தடா, அக்கம்பேட்டை தாண்டினா கடைசி ஸ்டேஷன் சூலூர்பேட்டை. சென்னையிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல இருந்தாலும் சாதாரண லோக்கல் டிக்கெட்லயே போயிடலாம்.

நான் பழவேற்காடு ஏரியில பூநாரை (ஃபிளமிங்கோ) பார்க்கப் போனேன். எதிர் சீட்ல ஒரு அம்மா, காலடியில காலி அன்னக்கூடை, அதுல இன்னும் இறால் வாசனை. முதல்ல தெலுங்குல என்னமோ கேட்டாங்க. நான் முழிக்கிறதப் பார்த்துட்டு, "ராக்கெட் பாக்க வந்தியாப்பா, பறவை பாக்கவா?"ன்னு தமிழுக்கு மாறிட்டாங்க. வீட்ல தெலுங்கு, வியாபாரத்துக்குத் தமிழாம். மெட்ராஸ்ல வித்துட்டு இதே லைன்லதான் வீடு திரும்புவாங்களாம்.

"இறங்கினதும் செங்காளம்மன கும்பிட்டுட்டுப் போ. அந்தக் கோயிலுக்குக் கதவே கிடையாது, ராத்திரியும் தொறந்துதான் இருக்கும்"னாங்க. ராக்கெட் விடறதுக்கு முன்னாடி இஸ்ரோ தலைவர்களே வந்து கும்பிடற கோயில் அது. உள்ள போய் நின்னப்ப, அந்த அம்மா ஏன் அவ்வளவு பெருமையா சொன்னாங்கன்னு புரிஞ்சது.

ஸ்ரீஹரிகோட்டா ரோடு ஏரிக்கு நடுவுலயே போகுது. ரெண்டு பக்கமும் ஆழமில்லாத உப்புத் தண்ணி. பூநாரைங்க தலையக் கவுத்து, அலகத் தலைகீழா வச்சு சேத்த அலசித் தின்னுதுங்க. ஒண்ணு றெக்கைய விரிச்சதும் உள்பக்கம் சிவப்பும் கறுப்புமா தெரிஞ்சுது பாருங்க, அதுக்காகவே இன்னொரு தடவை போகலாம். நவம்பர்லேருந்து பிப்ரவரிக்குள்ள போங்க. ராக்கெட் பார்க்கணும்னா 2019-ல திறந்த பார்வையாளர் மாடத்துக்கு இஸ்ரோ இணையதளத்துல முன்னாடியே பதிவு பண்ணணும்; சும்மா போனா உள்ள விடமாட்டாங்க.

அந்த அம்மா இன்னொண்ணும் சொன்னாங்க: "இறங்கின உடனே திரும்பற வண்டி எத்தன மணிக்குன்னு கேட்டுக்கோ." அத மட்டும் மறந்துடாதீங்க. நிறைய வண்டி கும்மிடிப்பூண்டியோட திரும்பிடுது. சூலூர்பேட்டை வரைக்கும் வர்றது கொஞ்சம்தான். சுத்திப் பார்க்கப் போற நமக்கு அது ஒரு நாள் அலைச்சல். கூடை தூக்கிட்டு ராத்திரி வீடு போய்ச் சேரணும்கிறவங்களுக்கு? சாயங்காலத்துல ஒண்ணு ரெண்டு வண்டியையாவது சூலூர்பேட்டை வரைக்கும் நீட்டணும்.