ஒன்றோடொன்று தொடர்புடைய காதல் நாவல்களை எந்த ஒழுங்கில் வாசிப்பது?

நல்லூர் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சாள் வீடு மாறியபோது தன்னிடமிருந்த ஆங்கிலக் காதல் நாவல்களையெல்லாம் ஒரு பெட்டியில் அடுக்கிக் கப்பலில் அனுப்பிவைத்தார். பெட்டி போன கிழமை வந்து சேர்ந்தது. ரமணிசந்திரனின் நாவல்களை வாசித்து வளர்ந்த எனக்கு, கையில் கிடைத்ததை எடுத்துத் தொடங்குவதுதான் பழக்கம். அவற்றில் பெரும்பாலானவை தம்மளவில் முடிந்துவிடும் கதைகள் என்பதால், எதை முன்னர் வாசிப்பது, எதைப் பின்னர் வாசிப்பது என்ற கேள்வியே எழுந்ததில்லை. இந்தப் பெட்டியிலுள்ளவை அப்படிப்பட்டவை அல்ல. ஒரு கதையில் நாயகியோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகும் தோழி அடுத்த கதையில் நாயகியாகிவிடுகிறாள். முதல் கதையில் சேர்ந்தவர்கள் நான்காம் கதையில் கைக்குழந்தையோடு விருந்துக்கு வருகிறார்கள்.

என்னை அதிகம் குழப்புவது நோரா ரொபேர்ட்ஸின் மக்கிரெகர் குடும்ப வரிசை. அது மூன்று தடித்த நூல்களாக வந்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் இரண்டு கதைகள். அட்டைகளில் ‘செரீனா – கெயின்’, ‘அலன் – கிராண்ட்’, ‘டானியல் – இயன்’ என்று பாத்திரங்களின் பெயர்கள் இருக்கின்றனவே தவிர, இது முதலாவது, இது இரண்டாவது என்று எங்கும் குறிக்கப்படவில்லை. பின்னட்டையைப் பார்த்தால் டானியல்தான் குடும்பத்தின் தகப்பன் என்று தெரிகிறது. தகப்பனும் தாயும் சேர்ந்த பின்னர்தானே பிள்ளைகள்? எனவே டானியலின் கதையில் தொடங்குவதே முறை என்று நான் நினைக்கிறேன். என் அக்காவோ, எழுத்தாளர் எழுதிய ஒழுங்கைத் தவிர வேறோர் ஒழுங்கு இல்லை என்கிறார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஜஸ்மின் கிலரியின் வரிசையில் ‘த வெடிங் டேட்’ என்ற முதலாவதும் ‘த வெடிங் பார்ட்டி’ என்ற மூன்றாவதும் பெட்டியில் இருக்கின்றன. நடுவிலுள்ள ‘த ப்ரொபோசல்’ இல்லை. அது கிடைக்கும்வரை மூன்றாவதைத் தொடாமல் வைத்திருக்க வேண்டுமா? இவற்றை வாசித்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாவேன். யார் யாரை மணக்கிறார்கள் என்பதை மட்டும் இயன்றவரை சொல்லாமல் விடுங்கள்.

பழைய நூலகர், சுன்னாகம்:

தங்கைக்கு வணக்கம். உங்கள் அக்கா சொல்வதே சரி. ஆனால் அவர் சொல்லும் காரணம் போதாது. டானியலில் தொடங்க வேண்டாம்.

செரீனாவின் கதையான ‘பிளேயிங் த ஒட்ஸ்’ 1985இல் வெளிவந்தது. கெயின், அலன், கிராண்ட் ஆகியோரின் கதைகளும் அதே ஆண்டில் அடுத்தடுத்து வந்தன. டானியலின் கதையான ‘ஃபோர் நவ், ஃபோரெவர்’ 1987ஆம் ஆண்டுக்குரியது. பிந்தி வந்தது என்பதற்காக மட்டும் அதைப் பின்னுக்குத் தள்ளச் சொல்லவில்லை. அந்தக் கதை கட்டப்பட்டிருக்கும் முறையே அப்படிக் கேட்கிறது. முதியவர் டானியல் வாகன விபத்தில் காயப்பட்டு வைத்தியசாலையில் கிடக்க, தானும் ஒரு சத்திரசிகிச்சை நிபுணராக இருந்தும் காத்திருப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாமல் மனைவி அனா அமர்ந்திருக்க, பிள்ளைகளும் அவர்களின் துணைவர்களும் ஒவ்வொருவராக வந்து கூடுகிறார்கள். அந்தக் காத்திருப்பின் நடுவேதான் இருவரின் இளமைக் காலம் நினைவாக விரிகிறது. அதாவது, தகப்பனின் காதல் காலத்தால் முற்பட்டதாக இருந்தாலும், அதைச் சொல்லும் இடம் பிள்ளைகளின் கதைகளுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே தொடங்குபவருக்கு, யாரைச் சொல்லாமல் விடும்படி நீங்கள் கேட்டீர்களோ அவர்கள் அனைவரும் முதற் சில பக்கங்களிலேயே சோடி சோடியாக வந்து நின்றுவிடுவார்கள்.

வேறொரு காரணமும் உண்டு. முதல் நான்கு கதைகளில் நாம் காணும் டானியல், பிள்ளைகளின் திருமண விடயத்தில் ஓயாமல் மூக்கை நுழைக்கும் பிடிவாதக்காரக் கிழவர். செரீனா வேலை செய்யும் உல்லாசக் கப்பலுக்கு, அவள் அங்கே இருப்பதைச் சொல்லாமலே ஓர் இளைஞனை அனுப்பிவைக்கிறார். நம் ஊர்க் கல்யாணத் தரகர்கள்கூட இரு தரப்பில் ஒன்றுக்காவது விடயத்தைச் சொல்லிவிடுவார்கள். இந்த மனிதர் தன் இளமையில், மருத்துவப் படிப்பை முடிப்பதற்கு முன் திருமணப் பேச்சே வேண்டாம் என்று நின்ற ஒரு பெண்ணிடம் எப்படித் திணறினார் என்பதைக் கடைசியில் வாசிக்கும்போதுதான் அதன் சுவை முழுமையாகக் கிடைக்கும். அவரை அறியாத ஒருவர் அதை வாசித்தால், அது நன்றாக எழுதப்பட்ட இன்னொரு காதல் கதை, அவ்வளவுதான்.

கதை நடக்கும் கால ஒழுங்கைக் கண்டிப்பாகப் பின்பற்றுவதானால், நீங்கள் டானியலிலும் தொடங்க முடியாது. அதே குடும்பத்தின் முன்னோரைப் பற்றி 1988இல் ‘ரெபெலியன்’ என்ற நாவல் வந்திருக்கிறது. அது ஸ்கொட்லாந்தில் 1745ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது நடக்கிறது. சமகாலக் காதலை வாசிக்கப் புறப்பட்டவர் வாள்வீச்சில் தொடங்க வேண்டிவரும்.

எந்த வரிசையாயினும், பதிப்புரிமைப் பக்கத்தைப் பாருங்கள். இவ்வாறான கூட்டுப் பதிப்புகளில் நூல் அச்சான ஆண்டு ஒன்றாகவும், ஒவ்வொரு கதைக்கும் உரிய பதிப்புரிமை ஆண்டு வேறாகவும் இருக்கும். நமக்கு வேண்டியது பின்னது. அட்டையிலுள்ள படத்தையோ ‘புதியது’ என்ற சொல்லையோ நம்ப வேண்டாம். இருபது வருடங்களுக்கு முந்திய கதையைப் புதிய உடையில் கொண்டுவருவது பதிப்பகங்களின் வழமை.

பருத்தித்துறையிலிருந்து ஒரு வாசகன்:

அக்காவுக்கும் ஐயாவுக்கும் வணக்கம். ஐயா மக்கிரெகர் குடும்பத்தைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதை எல்லாக் காதல் வரிசைகளுக்கும் பொதுவிதியாக்குவதில் உடன்பாடில்லை.

துப்பறியும் கதையில் கொலையாளி யார் என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டால் வாசிப்பில் பாதி போய்விடும். காதல் நாவலில் நாயகனும் நாயகியும் சேர்வார்கள் என்பது அட்டையைப் பார்த்தவுடனேயே தெரிந்த விடயம். அந்த உறுதி இருப்பதனாலேயே பலர் இந்த வகையைத் தேடி வாசிக்கிறார்கள். நிலைமை அப்படியிருக்க, இன்னொரு கதையில் அவர்களைக் கணவன் மனைவியாகக் கண்டுவிட்டோம் என்பதால் என்ன குடி முழுகிப்போகிறது? டாலியா ஹிபேர்ட்டின் பிரவுண் சகோதரிகள் வரிசையில் குளோயியின் கதை 2019இலும், டானியின் கதை 2020இலும், கடைசித் தங்கை ஈவின் கதை 2021இலும் வந்தன. நான் ஈவில் தொடங்கிப் பின்னோக்கிப் போனேன். மூத்தவள் குளோயியை, தங்கை ஈவின் கண்ணால் முதலில் பார்த்துவிட்டு, பிறகு அவளுடைய சொந்தக் கதைக்குள் போனபோது கிடைத்த நெருக்கம் நேர்வழியில் போயிருந்தால் கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இந்த நூல்களை வாசிக்கிறவர்களுக்கு இன்னொன்றும் பொருந்தும். ஒரு வரிசையின் எல்லா நூல்களும் ஒரே நேரத்தில் நம் கைக்கு வருவது அபூர்வம். உறவினர் அனுப்பியது, பழைய புத்தகக் கடையில் அகப்பட்டது, கிண்டிலில் விலை குறைந்தபோது வாங்கியது என்று துண்டு துண்டாகத்தான் சேர்கின்றன. முதலாவது வரட்டும் என்று காத்திருந்தால் மூன்றாவதைக் கரையான்தான் வாசிக்கும். ஒரே சோடியின் கதை பல நூல்களில் நீண்டு, ஒவ்வொரு நூலும் அந்தரத்தில் முடிகின்ற வரிசைகளுக்கு மட்டும் ஒழுங்கு கட்டாயம். மற்றவற்றில், நூலுக்கொரு சோடி என்றிருக்கும் வரையில், கையிலிருப்பதைத் தாராளமாகத் தொடங்கலாம்.

கோப்பாய் ஆசிரியை:

தம்பி சொல்வதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். முடிவு தெரிந்துவிடுகிறது என்பது இந்த வகையில் பெரிய இழப்பல்ல. ஆனால் கெட்டுப்போவது முடிவு மட்டுமல்ல. ஓரத்தில் நிற்கும் இருவரைப் பார்த்து, “இவர்களுக்கிடையில் ஏதோ இருக்கிறது போலிருக்கிறதே” என்று நாமாகச் சந்தேகப்பட்டு, அந்தச் சந்தேகத்தை ஒன்றிரண்டு நூல்கள் வரை மனதில் வைத்துக்கொண்டு திரிவதுதான் இவ்வகை வரிசைகள் தரும் தனி இன்பம். அது ஒழுங்கு மாறினால் திரும்பக் கிடைக்காது.

நல்லூர் வாசகி கேட்ட கிலரியின் வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாவலில் அலெக்ஸாவும் ட்ரூவும் ஒரு ஹொட்டேலின் மின்தூக்கிக்குள் அகப்பட்டுக்கொள்ளும்போது அறிமுகமாகிறார்கள். மூன்றாம் நாவலோ அலெக்ஸாவின் திருமண ஏற்பாடுகளைச் சுற்றி நடக்கிறது. அதன் மையத்தில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் கண்ணில் காட்டக்கூடாத, அவளுடைய நெருங்கிய நண்பர்கள் இருவர். எனவே முதலாவதுக்குப் பிறகு மூன்றாவது என்பதே முக்கியம். நடுவிலுள்ள ‘த ப்ரொபோசல்’ ட்ரூவின் நண்பன் கார்லோஸின் கதை. அது பக்கத்து வீட்டுக் கதை போன்றது. அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, பிறகு கிடைக்கும்போது வாசித்துக்கொள்ளலாம். இங்கே தம்பியின் வழியே சரி.

ஹெலன் ஹொவாங்கின் மூன்று நாவல்களில் அது சரிவராது. 2019இல் வந்த ‘த பிரைட் டெஸ்ட்’ நாவலில், அமெரிக்காவிலிருக்கும் தன் மகன் காய்க்குப் பெண் தேடித் தாயார் வியட்நாமுக்கே போகிறார். (வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு ஊரில் பெண் பார்க்கும் கதை நமக்குப் புதிதல்ல; ஆனால் அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து இவ்வளவு விரிவாக எழுதப்பட்டதை வாசித்தபோது பல இடங்களில் நிறுத்தி யோசிக்க வேண்டியிருந்தது.) அதில் காயின் அண்ணன் குவான், தம்பிக்கு அறிவுரை சொல்லும், எதற்கும் கலங்காத மனிதனாக வந்துபோகிறான். 2021இல் வந்த ‘த ஹார்ட் பிரின்சிபிள்’ அந்தக் குவானின் கதை. அங்கே அவன் அப்படிக் கலங்காதவனாக இல்லை. அந்த மாற்றம் உறைக்க வேண்டுமானால் முந்தியவனை நாம் அறிந்திருக்க வேண்டும்.

செய்தி எந்த இடத்தில் வெளிப்படுகிறது என்பது எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு, சமகாலக் கதை அல்லாவிட்டாலும், பிரிட்ஜேர்ட்டன் வரிசையே சான்று. ஜூலியா குவின் 2000 முதல் 2006 வரை எட்டு நூல்களாக எழுதிய அதில், வதந்திப் பத்திரம் எழுதும் மர்மப் பெண்மணி யார் என்பதை 2002இல் வந்த நான்காம் நூலில்தான் வெளிப்படுத்துகிறார். அதுவரை வாசகரும் அந்த ஊர்ச் சனங்களோடு சேர்ந்து ஊகித்துக்கொண்டிருக்கிறார். நெற்ஃபிளிக்ஸ் தொடரோ 2020இல் வந்த முதற் பருவத்தின் முடிவிலேயே முகத்தைக் காட்டிவிட்டது. 2024இல் மூன்றாம் நூலைத் தள்ளிவைத்துவிட்டு நான்காம் நூலின் சோடியை எடுத்துக்கொண்டதும் அதே தொடர்தான். திரையில் பார்த்த ஒழுங்கில் நூல்களை அடுக்கினால் குழப்பமே மிஞ்சும்.

ஒன்றரை, இரண்டரை என்று எண்ணிடப்பட்ட குறுநாவல்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவை பெரும்பாலும் முன்னைய சோடியின் திருமணம் அல்லது முதற் குழந்தை பற்றியவை. அந்த எண்ணுக்குரிய இடத்தில் வாசித்தாலும் தவறில்லை, விட்டுவிட்டாலும் கதை அறுந்துவிடாது. ஆனால் பல சோடிகளின் பிற்கால வாழ்வை ஒன்றாகத் தொகுத்துத் தரும் நூல்களைக் கட்டாயம் கடைசியில்தான் எடுக்க வேண்டும். குவினே அப்படியொரு தொகுப்பை 2013இல் தந்திருக்கிறார்.

நல்லூர் வாசகி:

மூவருக்கும் மிக்க நன்றி. கிலரியின் மூன்றாவதை இனித் தயக்கமின்றி எடுப்பேன். மக்கிரெகர் நூல்களில் ‘செரீனா – கெயின்’ நூலைத் தொடங்கிவிட்டேன். ஐயா சொன்ன அந்தக் கப்பற் பயணத்தில் இருக்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும் மிச்சமிருக்கிறது. டானியலின் கதையோடு ஒரே அட்டைக்குள் கட்டப்பட்டிருக்கும் இயன் யார்? இவர் பிள்ளைகளில் ஒருவராகத் தெரியவில்லை. பெட்டியின் அடியில் ‘த பெர்ஃபெக்ட் நெய்பர்’ என்ற தனி நூலும் இருக்கிறது. அதன் பின்னட்டையிலும் மக்கிரெகர் பெயர் காணப்படுகிறது.

பழைய நூலகர், சுன்னாகம்:

இயன் பிள்ளைகளில் ஒருவர் அல்லர். அது ‘இன் ஃப்ரொம் த கோல்ட்’ என்ற சிறு கதை. 1990இல் ஒரு நத்தார் தொகுப்பில் முதலில் வெளிவந்தது. அமெரிக்க சுதந்திரப் போர்க் காலத்தில் நடப்பது. டானியலின் கதையை முடித்த கையோடு அதை வாசிக்க வேண்டும் என்ற அவசியமில்லை. ‘ரெபெலியன்’ எப்போதாவது அகப்பட்டால், அதை முதலில் வாசித்து, இதை அதன் பின் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் முன்னோர் கதைகள் என்பதால் ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும்.

‘த பெர்ஃபெக்ட் நெய்பர்’ 1999இல் வந்தது. அடுத்த தலைமுறையின் கதை. நாயகியின் பெற்றோர் யார் என்பதை அறிந்தாலே 1985ஆம் ஆண்டுக் கதைகளில் ஒன்றின் முடிவு தெரிந்துவிடும் என்பதால், அதைப் பெட்டியின் அடியிலேயே விட்டுவையுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு டானியல் வரன் தேடும் ‘த மக்கிரெகர் பிரைட்ஸ்’, ‘த மக்கிரெகர் கிரூம்ஸ்’ ஆகியவை முறையே 1997இலும் 1998இலும் வந்தவை. மச்சாளிடம் அவை இருந்தால், அடுத்த பெட்டியில் போட்டுவிடச் சொல்லுங்கள். ‘நெய்பர்’ நூலுக்கு முன்னர் வாசிக்க வேண்டியவை அவைதாம்.